நீங்கள் சொன்னால் சரி

எனக்குக் கரடி என்றால் பயம், இடி என்றால் பயம், பல்லி என்றால் பயம். ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பஸ் வளைவில் ஒடித்துத் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன். என் பயங்களைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு பொழுது போதாது. இப்படிப்பட்டவள் ஜவ்வாது மலையில், காட்டை ஒட்டிய ஒரு பெண்கள் விடுதியில், இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினாய் என்று வாணியம்பாடியில் என் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இந்தப் பயங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு பெரிய பயம் இங்கே இருந்தது. அது ஓர் ஆங்கிலேயப் பெண்மணி.

மலைக்காரர்கள் அவரைத் தொரசாணி என்பார்கள். பிள்ளைகளுக்கும் எனக்கும் அம்மா. பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை யாரோ அவரிடம், உங்கள் காலத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு உங்கள் பெயரை வைப்போம் என்று ஆசையாகச் சொன்னார்கள். "எழுதினால் நானே வந்து அழித்துவிடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாக மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னால் செய்கிறவர்.

நெட்டை உருவம். கைத்தறிப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருப்பார். ரப்பர் செருப்பு, கறுப்புக் குடை, வெயிலில் தோலுரிந்துகொண்டே இருக்கும் மூக்கு. சின்ன வயதிலேயே அவருடைய ஊரைவிட்டு வந்து, காவலூருக்கு அப்பால் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர். மலைப் பெண்கள் படிக்க வேண்டும், பெரியவளான கையோடு அவர்களைக் கட்டிக்கொடுக்கக் கூடாது, ஆண்கள் சாராயத்தை விட வேண்டும், யாரும் பொய் பேசக் கூடாது. இந்த நான்கும்தான் அவருடைய வேலை. நாலாவதற்காக மற்ற மூன்றையும் செய்தாரோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு, மீதியை இங்கே சாமை குத்தும் பெண்களிடம் கற்றவர். அதனால் "உங்களுக்கு இன்னா வேண்டும்?" என்பார். "வூட்டில் எல்லோரும் நலமா?" என்பார். புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம்தான் வரும்.

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த சமயம், என் அம்மீ அழுதுகொண்டே என்னை அனுப்பி வைத்தாள். முதல் நாள் அவர் கேட்ட ஒரே கேள்வி, "மலையில் இருக்கப் பயமில்லையா?"

வேலை போய்விடுமே என்று, "இல்லீங்கம்மா, ஒரு பயமும் இல்ல" என்றேன்.

"நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

எனக்குக் கடைசி அறையைக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் காடு. எனக்கு முன்னால் இருந்த இரண்டு டீச்சர்கள் பயமாக இருக்கிறது என்று சொன்னதால் அவர்களுக்கு நடு அறை. இத்தனை நாளாகப் பயமில்லாத ஆளுக்காகவே அந்த அறை காலியாகக் கிடந்ததாம். நான் எதிர்வெயிலில் வியர்த்து நின்றேன். பொய் சொன்னேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த அறையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

அவர் குணம் இவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். நம்புவதோடு விடமாட்டார், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யக் கிளம்பிவிடுவார். சந்தேகப்படுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். இவரை என்ன செய்வது?

சமையல் செய்த அக்கா ஒரு தடவை வெல்லத்தைக் கொஞ்சம் வூட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னாள். "நீங்கள் சொன்னால் சரி" என்றார். அன்றைக்கே வனத்துறைக்கு ஆள் போனது. மறுநாள் கூண்டோடு இரண்டு பேர் வந்து சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் அந்த அக்காதான் சோறு போட வேண்டும். மலைக் குரங்கு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "கொரங்கு இல்லம்மா, நான்தான். அவங்கள போகச் சொல்லுங்க" என்று அழுதாள். அவர் திட்டவில்லை. கூண்டை எடுத்துப் போகச் சொல்லிவிட்டுப் பாடம் எடுக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் அக்கா அவ்வளவு நாள் வாடியிருக்க மாட்டாள்.

பூங்காவனத்தின் அப்பா கதை வேறு. பூங்காவனம் எட்டாம் வகுப்புப் பெண், கணக்கில் சூட்டிகை, அவளைப் பற்றித்தான் மீதிக் கதை. அவள் அப்பா ஒரு தடவை குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து மாட்டிக்கொண்டார். தப்பிப்பதற்காக, "இன்னியோட வுட்டுட்டேன் தொரசாணி" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் அவருடைய ஊருக்கே நடந்து போய், எல்லோரையும் கூட்டி, "இவர் சாராயத்தை விட்டுவிட்டார், எல்லோரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று மாலை போட்டுவிட்டு வந்தார். மனுஷன் எட்டு மாதம் குடிக்கவில்லை. குடிக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். இவர் குடையைத் தூரத்தில் பார்த்தாலே அவருக்குத் தொண்டை வறண்டுவிடும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அதற்கு முன் 'வர்றேன்' சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

நம்மில் யாரும் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. வந்த வேலை முடிந்து ஒரேயடியாகப் போகிறவரும் 'வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். தமிழ் பேசுகிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வந்த புதிதில் ஒரு வனக்காவலர் "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் பொழுது சாயும் வரை டீயை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அடுத்த வாரம் அவரைப் பார்த்ததும், "வருகிறேன் என்றீர்கள், ஏன் வரவில்லை? இன்னா ஆயிற்று?" என்று உண்மையான கவலையோடு கேட்டிருக்கிறார். அந்தக் காவலர் அதற்குப் பிறகு அந்த வழியாகவே வரவில்லை.

அது ஒரு பேச்சு வழக்கம்தான் என்று யாரோ விளக்கினார்களாம். அதைக் கேட்டுவிட்டு அவர், "அப்படியென்றால் நீங்கள் எல்லோரும் தினமும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறீர்கள். நல்ல வழக்கம். அதைக் காப்பாற்றுவோம்" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் சட்டம் வந்தது. 'வர்றேன்' என்றால் எப்போது என்று சொல்ல வேண்டும். சொன்னால் வர வேண்டும். வராதவர் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகலாம், தப்பில்லை.

தாய்மார்கள் கொதித்துப்போனார்கள். "இன்னாம்மா இது, பொட்டப் புள்ள வாயில போறேன்னு வரலாமா?" என்று கேட்டார்கள். எந்தப் பெண்ணும் அந்த வார்த்தையைச் சொல்லத் துணியவில்லை. பத்தாவது முடித்துவிட்டு ஒரேயடியாகப் போகிறவளும், "பொங்கலுக்கு வர்றேம்மா" என்றுதான் சொல்வாள். சொன்ன தோஷத்துக்குப் பொங்கலுக்கு வந்து நிற்பாள். இன்றைக்கும் தை மாதம் இங்கே இடம் கொள்ளாது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு வருகிறார்கள். கேட்டால், "அம்மாகிட்ட சொல்லிட்டேனே டீச்சர்" என்பார்கள்.

சமையல்கட்டு அலமாரியில் ஒவ்வொரு பெண்ணுக்கும், அம்மாவுக்கும் ஒரு அலுமினியத் தட்டு. விளிம்பில் ஆணியால் கீறிய பெயர். 'வர்றேன்' என்று சொன்னவளின் தட்டு அவள் திரும்பும் வரை அங்கேயே இருக்கும். 'போறேன்' என்றால் கீழே பழைய பெட்டிக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்து பெட்டிக்குப் போனது ஒரே தட்டு, குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன ஒரு பெண்ணுடையது. அவள் வாயைத் திறந்து 'போறேன்' என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டும் வரை அழுதாள்.

இன்னொரு தட்டு இருந்தது. மூன்றாவது வரிசையில் ஓரமாக. அந்தப் பெண்ணின் அப்பா, "சாமை அறுப்பு முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுட்றேன்" என்று அழைத்துப் போனவர். அறுப்பு முடிந்தது. அடுத்த அறுப்பும் முடிந்தது. அம்மா தினமும் அந்தத் தட்டைத் துடைத்து வைத்தார். அவளுக்குப் பக்கத்து மலையில் கல்யாணமாகிக் கையில் குழந்தையும் இருக்கிறது என்று நான்தான் விசாரித்து வந்து சொன்னேன். "அவர் கொண்டுவந்து விடுகிறேன் என்றாரே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் வாரமே போயிருந்தால் தடுத்திருக்கலாம். பன்னிரண்டு வயசுப் பெண். "ஏமாந்துட்டீங்கம்மா" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"ஆமாம். ஏமாந்துவிட்டேன்" என்றார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தப்பு என்னுடையதுதான். அப்பாவிடம் கேட்டேன். பெண்ணிடம் கேட்கவில்லை. இனிமேல் யார் அழைத்துப் போனாலும் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். போறேனா, வர்றேனா என்று" என்றார்.

இது நடந்த மறுவருஷம்தான் பூங்காவனத்தின் மாமன் வந்தான்.

அன்றைக்கு அம்மா திருப்பத்தூருக்கு ஓர் அதிகாரியைப் பார்க்கப் போயிருந்தார். "ஆறு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் என் பொறுப்பில். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முப்பது வயசு ஆள், புது வேட்டி, இடுப்பில் வெட்டுக்கத்தி. மலையில் எல்லோர் இடுப்பிலும் கத்தி இருக்கும், ஆனால் எனக்குக் கத்திதான் முதலில் கண்ணில் படும்.

"அக்காவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல டீச்சர். பொண்ண இட்டுனு வரச் சொல்ச்சி."

"இன்னா ஒடம்புக்கு?"

"முடியலன்னு சொல்றேன்ல? அனுப்புங்க."

அவன் வேட்டியின் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. சும்மா இருக்கும் நாளில் புது வேட்டிக்கு மஞ்சள் தடவி யாரும் கட்டுவதில்லை. அவன் அவளுக்குத் தாய்மாமன், முறை மாப்பிள்ளை. எனக்குப் புரிந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து நின்ற பூங்காவனத்துக்கும் புரிந்துவிட்டது. அவளும் அந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயசு. கையில் ஸ்கேல் இருந்தது, பாதி வரைந்த முக்கோணத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அம்மா வரட்டும், ஆறு மணிக்கு வாங்க என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"வர்றேன் டீச்சர். நாளைக்கு வர்றேன்."

இரண்டு தடவை சொன்னாள். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மாமன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான்.

சரியாக ஆறு மணிக்கு அம்மா வந்தார். வந்ததும் பிள்ளைகளை எண்ணுவது வழக்கம். "பூங்காவனம் எங்கே?"

"அவ அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு மாமன் வந்து கூட்டிட்டுப் போனாரும்மா."

"அவள் இன்னா சொன்னாள்?"

'வர்றேன்' என்றாள் என்று நான் சொன்னால், அவளைக் கூட்டிவர நாளைக்கு இவர் அந்த ஊருக்குக் கிளம்புவார். இன்னொரு வாட்டி கல்யாணத்துல மூக்க நுழைச்சா தொரசாணியப் புளியமரத்துல கட்டி வுட்ருவோம் என்று அந்த ஊர் ஆட்கள் சந்தையில் சொல்லியிருந்தார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒற்றையடிப் பாதை, கரடி, கல்யாண வூட்டில் குடித்த ஆட்கள், அந்தக் கத்தி. 'போறேன்' என்றாள் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம் மாதிரி இருந்தது எனக்கு.

"போறேன்னு சொன்னாம்மா."

"போறேன் என்றா?"

"ஆமாங்கம்மா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் சந்தேகம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "நீங்கள் சொன்னால் சரி" என்றார். சமையல்கட்டுக்குப் போய் அவள் தட்டை எடுத்தார். தானே கழுவினார். புடவைத் தலைப்பால் ஈரம் போகத் துடைத்து, பழைய பெட்டியில் வைத்து மூடினார்.

பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வந்தபோது அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், "டீச்சர், அக்கா வர்றேன்னுதான சொல்ச்சி?" என்றது. நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டது. நான் கணக்கு டீச்சர், முறைத்தால் பிள்ளைகள் பயப்படும். என்னாலும் ஒருத்தரைப் பயமுறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

விடிந்தும் விடியாமல் அவர் அறை வாசலில் நின்றேன். பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பொய் சொல்லிட்டேன். வர்றேன்னுதான் சொன்னா. நாளைக்கு வர்றேன்னா."

"நாளைக்கு என்றால் இன்றைக்கு."

"ஆமாங்கம்மா."

டம்ளரை வைத்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றீர்களே?" என்று கேட்டார்.

"அது மாமன் சொன்னது."

"அப்படியென்றால் ஜீப் வேண்டும். ஜீப் அவ்வளவு தூரம் போகாது, அவளைத் தூக்கிவர டோலிக்குக் கழியும் போர்வையும் வேண்டும்."

"அம்மா, அது பொய்ம்மா! அவரோட வேட்டியில மஞ்சள் இருந்துச்சு. கல்யாணம் பண்ணத்தான் கூட்டிட்டுப் போயிருக்காரு."

"கல்யாணம் என்று அவர் சொன்னாரா?"

"இல்ல..."

"அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். அவர் சொன்னால் சரி."

பெட்டியைத் திறந்து பூங்காவனத்தின் தட்டை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்களும் வாருங்கள். அவள் வார்த்தையைக் கேட்டவர் நீங்கள்தான்."

ஜீப் நின்ற இடத்திலிருந்து மூன்று மைல் நடை. மூங்கில் கழியின் முன்முனை அவர் தோளில், பின்முனை என் தோளில். நடுவில் போர்வையைச் சுருட்டிக் கட்டியிருந்தோம். வாயில் வந்த துவாவையெல்லாம் ஓதிக்கொண்டு நடந்தேன். புதரில் ஏதாவது அசைந்தால் நான் நின்றுவிடுவேன், கழி இழுக்கும், அவரும் நிற்பார். திரும்பிப் பார்க்காமல் காத்திருப்பார். நான் காலை எடுத்து வைத்ததும் நடப்பார். ஊருக்குக் கொஞ்ச தூரம் முன்பே மேளச் சத்தம் கேட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். தனியாகத் திரும்ப அதைவிடப் பயமாக இருந்தது.

மாவிலை கட்டிய தழைப்பந்தல். உள்ளே மணையில் பூங்காவனம், முகமெல்லாம் மஞ்சள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், யாரோ தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். "தொரசாணி வந்துட்டாடா" என்று ஒரு குரல். மேளம் நின்றது. ஆட்கள் எழுந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அப்பா பலாமரத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டதைப் பார்த்தேன். அன்றைக்குக் குடித்திருந்தார்.

அம்மா கழியை இறக்கினார். பந்தல் பக்கமே போகவில்லை. அடுப்பங்கரைக்குப் போனார். பூங்காவனத்தின் அம்மா பெரிய பானையில் சாமைச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று உங்கள் தம்பி சொல்லியனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஜீப் நிற்கிறது."

யாரும் சிரிக்கவில்லை. மாமன் முன்னால் வந்தான். மாப்பிள்ளைக் கோலத்திலும் அந்தக் கத்தி இடுப்பில் இருந்தது. "வம்பு பண்ணாத தொரசாணி. வந்த வழியே போய்ச் சேரு."

"நீங்கள்தானே சொன்னீர்கள்? டீச்சரிடம் சொன்னீர்கள்" என்று என்னைப் பார்த்தார்.

ஊரே என்னைப் பார்த்தது. என் ஆயுளில் அவ்வளவு பயந்ததில்லை. அவன் கை கத்திப் பிடிமேல் இருந்தது. இவர் கண் என்மேல் இருந்தது. மறுபடி ஒரு பொய் சொன்னால், அதையும் இவர் நம்புவார். அந்த நினைப்புத்தான் என் வாயைத் திறக்க வைத்தது.

"சொன்னாரு. அக்காவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலன்னு சொன்னாரு. பொண்ணு வர்றேன்னு சொல்லிட்டு வந்தா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் மாமன் பக்கம் திரும்பினார். "இன்னாடா, தாலி கட்டப்போற நேரத்துல கூடப்பொறந்தவளுக்கு முடியலன்னா சொன்ன? வாய்ல நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று அவன் முனகினான்.

அப்போது கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. பூங்காவனத்தின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நெஜந்தாங்க. நேத்து புடிச்சே முடியல. கண்ண இருட்டுது. ஆஸ்பத்திரிக்கு வர்றேன். எம் பொண்ணு கூட வரட்டும். தனியா போக எனக்குப் பயம்."

அடுத்து நடந்ததெல்லாம் சட்டென்று நடந்தது. பெற்றவள் படுத்துவிட்டால் எப்படித் தாலி கட்டுவது என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மாமன் பாதையை மறித்துக்கொண்டு நின்றான். பெரியவர் அவனிடம், "ஒங்க அக்காடா, வழி வுடு" என்றார். கழியின் முன்முனையைத் தூக்க ஆள் வேண்டும். பலாமரத்துக்குப் பின்னாலிருந்து பூங்காவனத்தின் அப்பா வந்தார். எங்கள் அம்மா முகத்தைப் பார்க்காமல், சாராய வாடை தெரியாதிருக்க மூச்சை அடக்கிக்கொண்டு, கழியைத் தோளில் வாங்கினார். பின்முனையை ஊர்க்காரர் ஒருவர் பிடித்தார். அம்மா குடையை விரித்து டோலிக்குள் இருந்தவள் முகத்துக்குப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், எங்கம்மாவுக்கு நெஜமாவே ஒடம்பு சரியில்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பூங்காவனத்தின் அம்மாவுடைய கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லியேம்மா, எப்படி நடமாடிக்கிட்டு இருந்தே?" என்று கேட்டார். அதுவரை அவளை உனக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா துணிப்பையிலிருந்து தட்டை எடுத்து பூங்காவனத்திடம் கொடுத்தார். "நாளைக்கு வருகிறேன் என்றாய். வந்துவிட்டாய்" என்றார். அவள் மஞ்சள் முகத்தோடு அந்தத் தட்டில் நாலு இட்லி சாப்பிட்டாள். இப்போது ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள்.

அம்மா அன்றைக்கு உண்மையிலேயே நம்பித்தான் டோலி கொண்டுபோனாரா, இல்லை எல்லாம் தெரிந்து செய்தாரா? நம்பியிருந்தால் அவரை நினைத்துப் பயம். தெரிந்து செய்திருந்தால் அதைவிடப் பயம். பல வருஷம் கழித்துத் துணிந்து கேட்டேன்.

"நீங்கள் இன்னா நினைக்கிறீர்கள்?" என்றார்.

"நம்பித்தான் போனீங்கன்னு நினைக்கிறேம்மா."

"நீங்கள் சொன்னால் சரி."

என் பொய்யைப் பற்றி ஒருநாளும் அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் கேட்டின் சாவியை என் கையில் கொடுத்து, "இனிமேல் இங்கே போறேனா, வர்றேனா என்று நீங்களே கேளுங்கள்" என்றார். அந்தச் சாவியை வைத்துக்கொண்டு எங்கே போவது? இருந்துவிட்டேன்.

கடைசியில் அவருக்கு மூச்சு விட முடியாமல் போனது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர் கட்டிலருகே போய் நின்றேன்.

"அம்மா, காலையில புள்ளைங்க எல்லாம் கேட்டுப் பக்கத்துல நிப்பாங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க."

"எந்த வார்த்தை?"

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அவருக்குப் புரிந்தது. "பொய் சொல்லச் சொல்கிறீர்களா?"

"ஆமாங்கம்மா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க ரொம்ப நேரமானது. "நீங்கள் இன்னும் பயப்படுகிறீர்கள்."

"ரொம்ப" என்றேன். அவரிடம் முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் சொன்னேன்.

காலையில் ஜீப் கேட்டுக்கு வந்து நின்றது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சாவி என் கையில். சட்டப்படி நான்தான் கேட்க வேண்டும். சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்தினார்.

"வர்றேன்" என்றார்.

புத்தகத் தமிழில் 'வருகிறேன்' என்றுதான் எப்போதும் சொல்வார். அன்றைக்கு நம்மைப் போலச் சொன்னார். பழக்கதோஷம், என் வாய் தானாகக் கேட்டது, "எப்போம்மா?" அதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. சமையல் அக்கா அழுதுகொண்டே அவருடைய தட்டை அலமாரியிலிருந்து எடுக்கப் போனாள். நான் பிடுங்கி மறுபடி அங்கேயே வைத்தேன். "செத்தவங்க எப்படி டீச்சர் வருவாங்க?" என்றாள்.

"அவங்க சொன்னா சரி" என்றேன்.

போன மாதம் பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்கள் பெயிண்டரை அழைத்து வந்தார்கள். கேட்டுக்கு மேலே வளைவு கட்டியிருக்கிறார்கள், அதில் அவர் பெயரைப் பெரிதாக எழுத வேண்டுமாம். பெயிண்டர் ஏணியைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறந்தார். வேண்டாம் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டார்கள். எழுதினால் வந்து அழிப்பேன் என்று சொல்லியிருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

அவர்களுக்குச் சிரிப்பு. "வந்துடுவாங்கன்னு பயமா டீச்சர்?" என்றார் ஒருவர்.

நான் ஏணியை விடவில்லை. எழுதிவிட்டு, அவர் வராமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?